தெற்கு 4: 3 சோவை வீசலாமா? மங்கா ஆட்டத்துக்கு உதவி வேண்டும்

ரீச்சி மஹ்ஜோங் (ஜப்பானியக் காய் ஆட்டம்) பற்றிய மங்கா (சித்திரக்கதை) ஒன்றுக்குக் கடைசிக் கை எழுதுகிறேன். தெற்கு 4 என்பது ஆட்டத்தின் கடைசிச் சுற்று; சோ, மான், பின் மூன்றும் எண் காய் வகைகள். ஆட்டம் தெரிந்தவர்கள் ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

நாயகன் 31,200 புள்ளி. டீலர் ரீச்சி (இன்னும் ஒரு காய் வந்தால் வெற்றி என்ற அறிவிப்பு) சொல்லி 1,000 புள்ளிக் குச்சி வைத்தபின் 27,000. மற்றவர்கள் 22,800, 18,000.

டீலர் வீசியவை வரிசையாக: வடக்கு, மேற்கு, 9 பின், 1 சோ, 4 மான், 8 சோ, 5 பின், ரீச்சி சொல்லி 6 சோ, அடுத்து கிழக்கு.

நாயகன் கையில்: 2-2-5-6-7 மான், 2-3-4-6-7 பின், 5-6-7 சோ. இப்போது எடுத்தது 3 சோ.

3 சோ போனால் 5 அல்லது 8 பின்னுக்கு டென்பாய் (வெற்றிக்கு ஒரு காய் மட்டும் பாக்கி). 5 பின் டீலரே வீசியது, மற்ற இருவரும் பயமில்லாமல் விடுவார்கள். தன்யாவோ, பின்ஃபு என்ற வெற்றிக்கான அமைப்புகள் இருப்பதால் ரீச்சி சொல்லாமல் பதுங்கியே ரான் (பிறர் வீசிய காயில் வெல்வது) அடிக்கலாம்.

வம்பு 3 சோவில்தான். டீலர் வீசிய 6 சோவுக்கு அது சுஜி (மூன்று எண் தள்ளிய காய், இருபக்கக் காத்திருப்பில் மாட்டாது), சரி. ஆனால் ரீச்சி சொல்லி வீசிய காயின் சுஜியை யார் நம்புவது? டீலர் 2-4-6 சோவில் 6-ஐ விட்டிருந்தால் காத்திருப்பது இந்த 3-க்குத்தான். வெறும் ரீச்சி, 40 ஃபு (புள்ளிக் கணக்கின் அலகு) என்றாலும் 2,000; குச்சியும் சேர்ந்து டீலர் 30,000, நாயகன் 29,200.

3 மான் நான்கும் 2 மான் ஒன்றும் வெளியே கிடக்கின்றன. எனவே ஏறக்குறைய ஆபத்தில்லாத 2 மான் ஜோடியை உடைத்து ஒதுங்கலாம். ஆனால் டீலர் மட்டும் டென்பாயில் நின்று சுவர் (எடுக்க வேண்டிய காய்கள்) தீர்ந்தால் நாயகனின் முன்னிலை 200-தான், டீலர் முறையும் தொடரும்.

நாயகன் 6 சோவை விட்டு 3-5-7 சோ வைத்துக்கொள்வது தேர்ந்த ஆட்டக்காரர் செய்வதா? 3 சோவையே வீச வைப்பதென்றால், 2 சோ எத்தனை வெளியே தெரிந்தால் வாசகர் நம்புவார்?