வெட்டு மெசின் ஆப் செய்திருக்கிறோம், மார்க்கெட்டிங் எதிலிருந்து படிப்பது?

மல்லாவிப் பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். நானும் கிளிநொச்சி அறிவியல் நகர் கம்பஸில் கூடப் படித்த நண்பனும் சேர்ந்து நெல்லு வெட்டும் மெசினைப் பதிவு செய்கிற ஆப் ஒன்று செய்திருக்கிறோம். வயல் எங்கே, எத்தனை ஏக்கர், எப்போது வெட்டு என்று கமக்காரர் போட்டால் பக்கத்தில் நிற்கிற மெசின்காரருக்குப் போகும், அவ்வளவுதான். ஆப் வேலை செய்கிறது, ஆட்கள்தான் இல்லை. பேஸ்புக்கில் காசு கட்டி பூஸ்ட் பண்ணினால் லைக் வருகிறது, அதில் பாதி கனடாவில் இருக்கிற சொந்தக்காரர்.

கோட் எழுதத் தெரியும், விற்கத் தெரியாது. யூடியூப்பைத் திறந்தால் குரோத் ஹேக்கிங், ஃபனல், எஸ்இஓ என்று ஆயிரம் கோர்ஸ், எது உருப்படியானது என்று பிடிபடவில்லை. இப்போது விதைப்பு முடிந்துவிட்டது, தை மாசியில் காலபோக வெட்டு தொடங்கிவிடும், அதற்குள் எதையாவது படித்துச் செய்து பார்க்க வேண்டும். இலவசமாக, சுருக்கமாக என்ன இருக்கிறது? நான் ஆங்கிலம் வாசிப்பேன், நண்பனுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

பரந்தன் சந்தி

தம்பி, காசு கட்டுகிற கோர்ஸ் ஒன்றுமே வேண்டாம். இரண்டே இரண்டு சொல்கிறேன், அதை முடிக்காமல் மூன்றாவதைத் தொடாதீர்கள்.

முதலாவது, புதுக் கம்பனிகளுக்குக் காசும் பயிற்சியும் கொடுக்கிற அமெரிக்க நிறுவனமான வை கொம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான போல் கிரஹாம் 2013இல் எழுதிய 'டூ திங்ஸ் தட் டோன்ட் ஸ்கேல்' கட்டுரை. அவருடைய தளத்தில் சும்மா கிடக்கிறது, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வாசித்துவிடலாம். இணையத்தில் காசு வாங்க உதவுகிற ஸ்ட்ரைப்பைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்கள், பாவித்துப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்ன உடனேயே, இணைப்பு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகாமல், அவருடைய லப்டொப்பை வாங்கி அந்த இடத்திலேயே போட்டுக் கொடுத்தார்களாம். பயணிகளுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்கிற எயார்பிஎன்பி ஆட்கள் நியூயோர்க்கில் வீடு வீடாகப் போய், நல்ல கமராவில் வீட்டைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு அது என்னவென்றால், நெல்லு ஆலை வாசலிலும் மெசின் திருத்துகிற கராஜிலும் போய் நின்று, அவர்களுடைய போனை வாங்கி நீங்களே பதிவு செய்து கொடுப்பது. பூஸ்டுக்குக் கட்டுகிற காசு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கப் போதும்.

இரண்டாவது, ரொப் ஃபிட்ஸ்பற்றிக் எழுதிய 'தி மொம் டெஸ்ட்', சின்னப் புத்தகம். உங்கள் யோசனை எப்படி என்று கேட்டால் அம்மா கூடப் பொய்தான் சொல்லுவா, அதனால் யோசனையைப் பற்றிக் கேட்காமல் அவர்கள் உண்மையில் செய்ததைக் கேள் என்பதுதான் விசயம். எங்கள் ஊரில் இது இன்னும் மோசம். வீட்டுக்குப் போய் 'ஐயா, இப்படி ஒரு ஆப், பாவிப்பீங்களா' என்று கேட்டால் தேத்தண்ணியும் தந்து 'நல்ல விசயம் தம்பி, செய்யுங்கோ' என்று அனுப்பிவிடுவார்கள், ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். போன போகம் மெசினை யார் மூலம் பிடித்தீர்கள், எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஏக்கருக்கு என்ன கொடுத்தீர்கள், பிந்தியதால் எவ்வளவு நெல்லு கொட்டுப்பட்டது என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

வவுனியா தங்கச்சி

பரந்தன் அண்ணா சொன்னது சரி, ஆனால் அது முதல் கொஞ்சப் பேரைப் பிடிக்கிற வரைக்கும்தான். மற்றவர்களை எந்த வழியில் பிடிப்பது என்று தெரிய 'ட்ரக்ஷன்' புத்தகம் பாருங்கள், டக்டக்கோ தேடுபொறியைத் தொடங்கிய கேப்ரியல் வைன்பேர்க்கும் ஜஸ்டின் மேர்ஸும் எழுதியது. 19 வழிகள் சொல்கிறார்கள், எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை, சரிவரும் போலத் தெரிகிற சிலதைச் சின்னதாகச் செய்து பார்த்து, பிறகு ஒன்றையே பிடிக்கச் சொல்கிறார்கள். கூகுள் தேடலில் முன்னுக்கு வருகிற எஸ்இஓ அத்தியாயத்தை அப்படியே தாண்டிவிடுங்கள், மல்லாவியில் யார் கூகுளில் மெசின் தேடுகிறார்கள்? கமக்கார அமைப்புக் கூட்டமும் வட்ஸ்அப் குழுவும்தான் உங்களுக்கு வழி.

வை கொம்பினேட்டரின் ஸ்டார்ட்அப் ஸ்கூல் வீடியோக்களும் இலவசம். நண்பருக்கு அதுதான் சுகம், ஆங்கில வசனத்தை ஓடவிட்டு மெதுவாகப் பார்க்கலாம் (யூடியூப் தானாகப் போடுகிற தமிழ் வசனத்தைத் தொடாதீர்கள், சிரித்தே நேரம் போய்விடும்). ஒன்று மட்டும் கவனம். கிழமைக்கு 5 முதல் 7 சதவீதம் வளர்ந்தால் நல்லது என்று போல் கிரஹாமே இன்னொரு கட்டுரையில் எழுதியிருக்கிறார், அது வை கொம்பினேட்டர் பயிற்சியில் இருக்கிற கம்பனிகளுக்குச் சொன்ன கணக்கு. வருடத்தில் இரண்டு போகம் வெட்டுகிற இடத்தில் சித்திரையில் ஒருவரும் ஆப்பைத் திறக்கவில்லை என்று கவலைப்பட்டு என்ன பிரயோசனம்? காலபோகத்தில் பதிந்தவர் சிறுபோகத்தில் திரும்பி வருகிறாரா என்பது மட்டும்தான் உங்களுக்குக் கணக்கு. சிறுபோகத்தில் தண்ணீர் காணாமல் கொஞ்சக் காணிதான் விதைப்பார்கள், அதையும் கழித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. இது இரண்டு பக்கமும் ஆள் வேண்டிய தொழில், மெசின் இல்லாமல் கமக்காரர் வரமாட்டார், கமக்காரர் இல்லாமல் மெசின் வராது. அன்ட்ரூ சென் 2021இல் எழுதிய 'தி கோல்ட் ஸ்டார்ட் ப்ரொப்ளம்' முழுக்க இந்தச் சிக்கல்தான். தானாக ஓடக்கூடிய மிகச் சின்ன வட்டத்தை முதலில் நிரப்பு என்கிறார். வன்னி முழுக்க என்று போகாமல் இரணைமடுக் குளத்தின் ஒரு வாய்க்காலை மட்டும் எடுங்கள்.

ஒட்டுசுட்டான் கமக்காரன்

பிள்ளைகள், புத்தகம் நான் படிக்கவில்லை, வயல் செய்கிறேன். ஒரு வாய்க்காலை மட்டும் எடுத்தால் அவ்வளவு பேரும் ஒரே தண்ணீரில் விதைத்து ஒரே கிழமையில் வெட்டுக்கு நிற்பார்கள். இரண்டு மெசினை வைத்து யாருக்கு முதல் கொடுப்பீர்கள்? சண்டைதான் வரும். எங்கள் பக்கம் மானாவாரிக் காணி முதல் மழையோடு விதைத்து முந்தி வெட்டுக்கு வரும், குளத்துக் காணி பிந்தும். முந்துகிற காணி கொஞ்சம், பிந்துகிற காணி கொஞ்சம் என்று சேர்த்து எடுத்தால் மெசின்காரருக்கும் வேலை தொடர்ந்து இருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து மெசின் கொண்டுவருகிற தரகர்மார் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களோடு பகைக்காமல் உள்ளே எடுங்கள். ஈர வயலில் எந்த மெசின் இறங்கும், எது புதையும் என்றும் ஆப்பில் போடுங்கள், அதுதான் நாங்கள் முதல் கேட்கிறது.

மல்லாவிப் பெடியன்

ஐயா, மானாவாரி விசயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. கட்டுரையை இன்று வாசித்துவிட்டேன், நாளைக்கு கராஜுக்குப் போகிறோம். ஒரு சந்தேகம், மெசின்காரருக்குக் கமக்காரருடைய நம்பர் ஒருமுறை கிடைத்துவிட்டால் அடுத்த போகம் நேரே எடுத்துக் கதைத்துவிடுவார்கள், பிறகு ஆப் எதற்கு?

பரந்தன் சந்தி

கதைப்பார்கள், தடுக்கேலாது. அதற்கு கிறிஸ் டிக்சன் 2015இல் எழுதிய 'கம் ஃபோர் தி டூல், ஸ்டே ஃபோர் தி நெட்வேர்க்' என்ற குட்டிக் கட்டுரையைப் பாருங்கள். ஆள் சேர முதலே தனியாகப் பாவிக்கக்கூடிய ஒன்றைக் கொடு என்கிறார். மெசின்காரர்மார் எத்தனை ஏக்கர் வெட்டியது, யார் மிச்சக் காசு தரவேண்டும், டீசலுக்கு என்ன போனது என்று ஓட்டுநரின் கொப்பியில் எழுதி வைத்து, அது மழையில் நனைந்து, கடைசியில் கணக்கில் சண்டை பிடிப்பார்கள். அந்தக் கொப்பியை ஆப்பில் செய்து கொடுங்கள், கமக்காரர் ஒருவர்கூடச் சேராவிட்டாலும் அவர்கள் திறப்பார்கள். யாழ்ப்பாணம் போனால், தொழில்நுட்பக் கம்பனி தொடங்குபவர்களுக்கு உதவுகிற யாழ் ஐடி ஹப் ஆட்களையும் சந்தித்துக் கதையுங்கள். கராஜில் என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கோ.