நிதி நிக்கப்போகுது, எதைக் குறைக்கலாம்?

செந்தில்: நன்கொடை இன்னும் 6 மாசம்தான். ரத்த அழுத்தத் திட்டத்துல முதல்ல எதைக் குறைக்கலாம்?

மல்லிகா: முகாமைக் குறைங்க தம்பி. வீடு தேடிப் போற சுகாதாரப் பணியாளருங்க சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க. பகல் முகாமுக்கு, கூலி வேலைக்குப் போறவங்களும் படுக்கையில கிடக்கிறவங்களும் எப்படி வருவாங்க? தேவை அதிகமா இருக்கிற இடத்துலதான் கவனிப்பு குறைவுன்னு பிரிட்டன் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971லயே எழுதிட்டார்.

செந்தில்: அக்கா, தன்னார்வலர்களை வெச்சு சமாளிக்க முடியாதா?

மல்லிகா: கொஞ்ச நாள் ஓடும். சம்பளம் வர்ற வேலை கிடைச்சதும் போயிடுவாங்க, மக்களோட இருந்த பழக்கமும் அவங்களோடயே போயிடும். வேலைக்கேத்த சம்பளம் குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2018 வழிகாட்டுதல் சொல்லுது. ஊக்கத்தொகையை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. தலைக்கு இவ்வளவுன்னு வெச்சா கிட்ட இருக்கிற வீடுகளையே சுத்துவாங்க.

ரஹ்மான்: அறிக்கையில சராசரி மட்டும் போடாதீங்க. உதாரணத்துக்கு, வசதியான 100 பேர், வசதியில்லாத 100 பேர். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டுல இருக்கிறவங்க வசதியானவங்கள்ல 60லேர்ந்து 80 ஆகுது, வசதியில்லாதவங்கள்ல 40லேர்ந்து 45. மொத்தத்துல 100லேர்ந்து 125! கைதட்டுவாங்க. ஆனா இடைவெளி 20லேர்ந்து 35 ஆயிடுச்சே 🤦

செந்தில்: அட ஆமா அண்ணா 😐

ரஹ்மான்: அளக்கிறதுலயும் காசு வீணாகுது. பருத்த கைக்கு, அழுத்தம் பார்க்கக் கையில சுத்துற பட்டையைச் சின்னதா சுத்தினா அழுத்தம் கூடத்தான் காட்டும், நல்லா இருக்கிறவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். 2 அளவுப் பட்டையாவது கையில இருக்கட்டும். 5 நிமிஷம் பேசாம உட்காரணும், முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில, கை நெஞ்சு மட்டத்துல. 1 நிமிஷம் விட்டு மறுபடி அளக்கணும்.

மல்லிகா: பதிவேட்டுல 'அனுப்பினோம்'னு எழுதிட்டு நிறுத்திடறாங்க. போனாரா, மருந்து கிடைச்சுதா, அடுத்து எப்ப வரணும், இந்த 3 கட்டமும் வேணும். நிலையா இருக்கிறவங்களுக்கு டாக்டர் சம்மதிச்சா 3 மாச மருந்து ஒரே தடவையில வாங்கிக் குடுங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு மாசாமாசம் வரிசையில நிக்கச் சொன்னா மருந்தைத்தான் விட்டுடுவாங்க.

செந்தில்: சரி, நன்கொடை நின்னப்புறம் சம்பளத்தை யார் தருவா?

ரஹ்மான்: சுகாதாரத் துறை பட்ஜெட்ல அந்தப் பதவிக்குன்னு தனி ஒதுக்கீடு விழணும். வரைவு தயாராகிறதுக்கு முன்னாடியே ஒரு ஆளைத் தொடர்ந்து கவனிக்க வருஷத்துக்கு என்ன செலவுன்னு கணக்கு போய்ச் சேரணும். சம்பளம், பயணம், பட்டை, மேற்பார்வை எல்லாம் அதுல வரணும். பயணத்தை மறந்துடுவாங்க, அப்புறம் தூரத்து வீடுதான் முதல்ல விட்டுப்போகும்.

மல்லிகா: நம்ம கணக்குலயும் பயணம் இல்லையே தம்பி?

செந்தில்: இல்லக்கா. இன்னிக்கு ராத்திரியே சேர்த்துப் போடறேன்.