நம்ம தண்டையார்பேட்டை வீடு

செல்வி அக்கா: பெரிய அத்தை தவறிவிட்டார்கள். இப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து போன். நாளை மதியம் 12 மணிக்கு எடுக்கிறார்களாம்

கீதா மைனி: ஐயோ. போன வாரம்கூடப் பேசினார்களே

பாபு: முத்துநகர் ரயில் கிளம்பிப் போயிருக்குமே

செல்வி அக்கா: போயாச்சு. பஸ் வேண்டாம், அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும்

ராஜன் சித்தப்பா: விமானம்தான் ஒரே வழி. சாலையில் சுமார் 600 கி.மீ., பத்து மணி நேரம் ஆகும். மீனம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கும் வாகைக்குளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 530 கி.மீ.தான். டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும். பறப்பது ஒன்றேகால் மணிக்குள்தான், மீதி ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் இறங்கி நிற்க வருவதும். ஏடிஆர் ரக விமானம் என்றால் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும், ஜெட் போல வராது. மதுரைக்குப் போனால் 420 கி.மீ., கால் மணி மிச்சம். ஆனால் அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் மதுரை வேண்டாம்

கீதா மைனி: ஏடிஆர் என்றால் காற்றாடி வைத்ததா? நான் ஏற மாட்டேன்

பாபு: மைனி, உங்களை யாரும் ஏறச் சொல்லவில்லை

பாபு: காலை முதல் விமானத்தில் இரண்டு சீட் காட்டுகிறது

ராஜன் சித்தப்பா: முன்பு வாகைக்குளத்தில் ஓடுதளம் 1,350 மீட்டர்தான். 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாச்சு. பெரிய விமானமே இறங்கலாம்

முருகேசன் அண்ணன்: விமானம் இறங்கும். அப்பா இறந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வந்து இறங்கவில்லையே

செல்வி அக்கா: அது 2015 டிசம்பர் வெள்ளம். மீனம்பாக்கத்தையே மூடியிருந்தார்கள். ரயிலும் இல்லை

முருகேசன் அண்ணன்: பதினாறாம் நாள் வரைக்குமா மூடியிருந்தார்கள்?

செல்வி அக்கா: இன்றைக்கு வேண்டாம்டா

பாபு: பிறந்த வீட்டுக் கோடிச் சேலை யார் எடுப்பது?

செல்வி அக்கா: சித்தப்பாதானே. எம்.சி. ரோட்டில் கடை அடைக்கும் முன்னால் போங்கள்

கீதா மைனி: பட்டு வேண்டாம், அத்தைக்குப் பிடிக்காது. அரக்கு நிறத்தில் நூல் சேலை

ராஜன் சித்தப்பா: ஏர்போர்ட்டில் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். மெட்ரோவில் போனாலே இங்கிருந்து முக்கால் மணிக்கு மேல். முதல் மெட்ரோ அதற்குள் போய்ச் சேராது. கார்தான். ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பணும். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அவ்வளவுதான்

பாபு: பறக்கும் நேரத்தைவிட வீட்டிலிருந்து ஏர்போர்ட் போகும் நேரத்துக்குத்தான் பயமாக இருக்கிறது 😅

கீதா மைனி: சித்தப்பா, சாப்பிட்டீர்களா?

ராஜன் சித்தப்பா: வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் போக அரை மணி போதும். ஒன்பது மணிக்கெல்லாம் அக்கா பக்கத்தில் இருக்கலாம்

செல்வி அக்கா: சித்தப்பாவும் அம்மாவும் போகட்டும்

முருகேசன் அண்ணன்: அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது. நானும் வருகிறேன்

பாபு: சீட் இரண்டுதான்

கீதா மைனி: உங்கள் அண்ணன் மதுரை வழியாக வருவாராம்

பாபு: அப்போது கோடி யார் கையில்?

செல்வி அக்கா: அம்மா ஆதார் போட்டோ யாரிடம் இருக்கிறது? சீக்கிரம்

பாபு: ஒரு சீட்தான் காட்டுகிறது இப்போது