பரிசுப் பணம், கல்ஃப் பணம், ரத்த தான முகாம்: கிளப்புக்குள் அடிதடி, யோசனை சொல்லுங்க

லெஃப்ட் பேக், கொளச்சல் பக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஃபுட்பால் கிளப் சின்னது, ஊர்ப் பையன்கள் 24 பேர், அதில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்மஸுக்கு போட்டெல்லாம் கரைக்கு வந்ததில் தொடங்கி மே கடைசி வரைக்கும் இந்த சீசனில் ஒன்பது செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்), இரண்டு லெவன்ஸ் டோர்னமெண்ட் ஆடினோம். ஒரு கப், ஒரு ரன்னர்ஸ், மூன்று செமி. (மூன்றாவது செமி பெனால்டியில் போனது, வெளியே அடித்தது நான்தான், அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

வேன் வாடகை, எண்ட்ரி ஃபீஸ், வெளியிலிருந்து கூப்பிட்ட கெஸ்ட் பிளேயருக்குக் கொடுத்த காசு எல்லாம் போக மிச்சம் 41,000 ரூபாய். அது போக கல்ஃபில் இருக்கும் எங்கள் பழைய பிளேயர்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கடா என்று அனுப்பியது 60,000. மொத்தமும் செக்ரட்டரியின் சொந்த அக்கவுண்டில் கிடக்கிறது, அவர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் பேச்சு வந்துவிட்டது. ஒரு கூட்டம் அடுத்த சீசனுக்கு நல்ல கெஸ்ட் இரண்டு பேரை இப்பவே பேசி வைக்கலாம் என்கிறது, இன்னொரு கூட்டம் போன வருஷம் மாதிரி வீட்டுக்கு 5 கிலோ அரிசி என்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாளும் எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள், அதனால் ஊருக்குள் ஒரு செவன்ஸ் வைத்து, ஃபைனல் அன்றைக்குக் காலையில் ரத்த தான முகாம், சாயந்திரம் மேட்ச் என்றும் ஒரு யோசனை. உங்கள் கிளப்பில் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய கோலி (கோல்கீப்பர்), தூத்தூர்:
தம்பி, அரிசியை விடு. ரேஷனில் அரிசி கிடைக்கிற ஊரில் வீட்டுக்கு 5 கிலோ கொடுத்து போட்டோ எடுத்தால் மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் எத்தனை வீடு ஆம்பிளை இல்லாமல் போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அரிசி மூட்டையும் பழைய துணியும் வந்து குவிந்தது, வைக்க இடமில்லை. இரண்டு வருஷம் கழித்து பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸுக்கும் பஸ் காசுக்கும் அதே வீட்டுக்காரிகள் அலைந்தபோது ஒருத்தரையும் காணோம். அன்றைக்கு மூன்றாம் வகுப்பு படித்ததுகள்தான் இப்போது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வயசில் நிற்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி நாலு பிள்ளைகள் இல்லாமலா இருக்கும்? ஐந்து பேரைப் பிடியுங்கள், 60,000-ஐ 12 மாசத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு மாசம் ஆயிரம் வருது. பேரை வெளியே சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளைகளை மைக்கில் கூப்பிட்டு கவர் கொடுப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கெஸ்ட் விஷயம்: நானும் கெஸ்ட் வாங்கித் தோற்றவன்தான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் டீமுக்கு ஆடி, அப்புறம் 2019-20-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப் அடித்த கொல்கத்தா ஏடிகே டீமிலும் இருந்தார், அதைப் பார்த்துத்தான் இங்கே ஒவ்வொரு பொடியனும் மணலில் பந்து தட்டுகிறான். அவனுக்குக் காலில் பூட் இல்லை. பரிசுப் பணத்தில் அதை வாங்கு.

கணக்குப்பிள்ளை, துபாய்:
அண்ணன் சொன்னதுதான் சரி, ஆனால் அதற்கு முன்னால் பணத்தை செக்ரட்டரி அக்கவுண்டிலிருந்து எடுங்கள். அவருக்கே அது நல்லது, நாளைக்கு அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஏழு பேர் சேர்ந்தால் சொசைட்டியாகப் பதிவு செய்யலாம், தமிழ்நாட்டில் அதற்கு 1975-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அப்புறம் கிளப் பெயரில் பான் கார்டு, கிளப் பெயரில் அக்கவுண்ட், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரணும்.

கல்ஃப் பணம் என்றதும் வெளிநாட்டு நிதி என்று சில பேர் பயமுறுத்துவார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவன் தன் சொந்த சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது அந்தக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்ம ஊர்க்காரர் அனுப்பினால் வரும், அவரிடம் வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று, பதிவு செய்த உடனே 80ஜி வரிச்சலுகை கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லி வசூல் பண்ணாதீர்கள், அதற்கு வருமான வரித் துறையில் தனியாக அனுமதி வாங்கணும். நானும் ஒரு கிளப்புக்கு அப்படி நம்பிக் கொடுத்தவன். ரசீதில் லோகோ மட்டும் அழகாக இருந்தது.

தக்கலை ஸ்டிரைக்கர்:
41,000 மிச்சமா? எங்களுக்கு மிச்சம் பொரோட்டாக்கடை பாக்கி.

நர்ஸ் அக்கா, ஆசாரிபள்ளம்:
காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு சாயந்திரம் ஃபைனலா? நடு கிரவுண்டில் மயங்கி விழுந்தால் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள். கொடுத்த அன்றைக்கு ஓட்டம், ஜிம், பளு தூக்குவது எதுவும் கூடாது, மறுநாளும் அடங்கி இருந்தால் நல்லது. முகாமை மேட்சுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். 18 வயசு ஆகியிருக்கணும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேணும். ஆம்பிளைகள் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம்.

முகாமை நீங்களாக நடத்த முடியாது, மெடிக்கல் காலேஜ் ரத்த வங்கியில் முன்கூட்டியே பேசித் தேதி வாங்குங்கள். ஒரே நாளில் நூறு பேரைத் திரட்டி வருவதை விட, வருஷத்துக்கு மூன்று தடவை முப்பது முப்பது பேராக வந்தால் எங்களுக்கு ரொம்ப உபகாரம், சிவப்பணு 42 நாள்தான் தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) ஐந்தே நாள். அப்புறம் கடந்த ஒரு வருஷத்துக்குள் பச்சை குத்தினவர்களைக் கூட்டி வராதீர்கள், திருப்பி அனுப்ப எங்களுக்கும் சங்கடமாக இருக்கிறது.

லெஃப்ட் பேக், கொளச்சல் பக்கம்:
நேற்று ராத்திரி கூட்டம் போட்டோம், பதினொன்றரை மணி வரைக்கும் ஓடியது. 60,000 பிள்ளைகளுக்கு, அதில் யாருக்கும் எதிர்ப்பு இல்லை. 41,000-ல் பொடியன்களுக்குப் பூட், மிச்சத்தில் ஒரே ஒரு கெஸ்ட் என்று நிற்கிறது, அந்த ஒருத்தன் யார் என்பதில்தான் இன்னும் சண்டை. செக்ரட்டரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் அவரே பதிவு வேலையைப் பார்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்டார். முகாம் ஆகஸ்ட் முதல் வாரம் என்று நினைத்தோம், ஆனால் தடை முடிந்து போட் இறங்கிவிடும் என்பதால் ஜூலை கடைசி ஞாயிறு.

அக்கா, ஒரு சந்தேகம். எங்கள் கோலி ஏப்ரலில் கப் அடித்த சந்தோஷத்தில் கையில் சிங்கம் குத்திக்கொண்டான், அவன் அடுத்த ஏப்ரல் வரைக்கும் கொடுக்கவே முடியாதா? ரொம்ப ஆசையாக இருக்கிறான்.

நர்ஸ் அக்கா, ஆசாரிபள்ளம்:
முடியாது மக்கா. அவனைப் பெயர் எழுதுகிற டேபிளில் உட்கார வை, ஜூஸும் பிஸ்கட்டும் அவன் பொறுப்பு.