ஐடிலிங்கில் நின்றுபோகும் ஜிப்ஸி: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், 1.3 லிட்டர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) வண்டி. ஊர் கோத்தகிரி.

காலையில் சோக் இழுத்தால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து நிமிஷம் ஓடி இன்ஜின் சூடானதும்தான் வம்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஐடிலிங்குக்கு வந்தால் இரண்டு தடவை குலுங்கிவிட்டு அப்படியே அணைந்துவிடுகிறது. ஓட்டத்தில் இழுவை குறையே இல்லை. நேற்று மேட்டுப்பாளையம் இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்ததும் ஆஃப். இரண்டு தடவை மிதித்ததும் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. பக்கத்தில் அம்மா வேறு!

பிளக், பெட்ரோல் ஃபில்டர் புதுசு. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிடுகிறார். ஒரு வாரம் தாங்குகிறது, அவ்வளவுதான்.

சாவி போட்டு, ஐடிலிங்குக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் கார்புரேட்டர் ஸோலினாய்டின் வயரைத் தொட்டால் 'டிக்' சத்தம் வருகிறது. பிரேக் பூஸ்டருக்கு (இன்ஜின் உறிஞ்சலால் பிரேக் மிதியை லேசாக்குவது) போகும் வேக்யூம் ஹோஸைக் கழற்றி, இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டு பக்கத்தைக் கட்டைவிரலால் அடைத்தால் ஐடிலிங் கொஞ்சம் நிதானமாகிறது.

பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்குமா? இல்லை, கார்புரேட்டர் அடி கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா? எதை முதலில் மாற்றலாம்? கோவைப் பக்கம் கார்புரேட்டர் கைவந்த பழைய மெக்கானிக் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள். விற்றுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.