"யார் ஓட்டியது?" என்று கேட்டபோது உங்கள் டீமில் என்ன நடந்தது?

பொங்கோல்வாசி:
மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. சிங்கப்பூரில் சாங்கி பக்கம் அலுவலகம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நேரடி சிஸ்டம்) ஒரு கிளீனப் ஸ்கிரிப்ட், அதாவது பழைய தரவை அழிக்கும் நிரல், ஓடியது. தேதி கண்டிஷன் தலைகீழ். பழைய ஆர்டர்களுக்குப் பதில் அந்த வாரத்து ஆர்டர்கள் காலி. பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டோம், அது விஷயமில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர், "யார் ஓட்டியது?" என்றார். சேர்ந்து நாலு மாதமான பெண் கையைத் தூக்கினாள். அந்த ஸ்கிரிப்டுக்கு அப்ரூவல் கொடுத்தது நான். "எக்ஸ்போவில் ரயில் மாறுகிறேன், பார்த்துட்டேன், ஓகே" என்று போனிலேயே அவளுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். இரண்டு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. லேப்டாப் மூடியைப் பாதி சாத்தி, விரல்களை அதற்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தே ஓ கோசோங் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்க அதில் சர்க்கரையே கிடையாது.

தஞ்சோங் பகார் ஆள்:
யார் என்று கேட்பதே பாவம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வங்கிக்கு வந்து பாருங்கள். முக்கியமான சிஸ்டம் விழுந்தால், தெரிந்த 1 மணி நேரத்துக்குள் வங்கிகளைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். 14 நாளில் மூல காரண அறிக்கை. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் படுக்கக் கூடாது. எங்களிடம் ஒருத்தர் ஒரு கான்ஃபிக்கை (சிஸ்டம் அமைப்பை) மாற்றிவிட்டு 40 நிமிடம் வாயே திறக்கவில்லை, தானே சரிசெய்துவிடப் பார்த்தார். அதுவரை நாங்கள் நெட்வொர்க்கைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தோம். கேட்காமல் எப்படி?

இரவுப்பணி:
அண்ணே, உங்கள் கதையே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அவர் 40 நிமிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? சொன்னால் என்ன ஆகும் என்று முன்னாடியே பார்த்திருப்பார். அறிக்கையில் கேட்பது காரணத்தை, ஆளின் தலையை இல்லை.

2017 ஜனவரி 31-ல் கிட்லேப்பில் (புரோகிராமர்கள் கோடைச் சேமிக்கும் தளம்) நடந்தது தெரியும்தானே. துணை சர்வரில் அழிக்க நினைத்த டேட்டாபேஸ் டைரக்டரியை ஒருவர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் என்று நம்பியிருந்த டம்ப் (டேட்டாபேஸின் நகல்), வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அறிக்கையில் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, 'டீம் மெம்பர் 1', அவ்வளவுதான். அவரை மட்டும் திட்டி அனுப்பியிருந்தால் டம்ப் கதை யாருக்குத் தெரிந்திருக்கும்?

பொங்கோல்வாசி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அழிக்கிற ஸ்கிரிப்ட் எதையும் முதலில் எண்ணிக்கை மட்டும் காட்டுகிற மாதிரி ஓட்டவையுங்கள். 'இத்தனை வரிசை போகும்' என்று திரையில் வந்தாலே கை தயங்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். ரிவியூவில் இரண்டாவது ஆள். அப்புறம் மாதம் ஒருமுறை பேக்கப்பை உண்மையாகவே மீட்டுப் பாருங்கள், இருக்கிறதா என்று பார்த்தால் போதாது.

ஜூரோங் அக்கா:
கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒன்-நார்த் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தபோது புது தலைமை வந்து 60 ஸ்லைடில் எஞ்சினியரிங் உத்தி காட்டினார். மைக்ரோசர்வீஸ் (மென்பொருளைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிப்பது), கிளவுட், ஏஐ, எதையும் விடவில்லை. நாங்கள் ஒன்பது பேர். முடிந்ததும் டெஸ்டிங்கில் இருந்த ஒரு அக்கா, "சரி, இதற்காக எதை நிறுத்தப் போகிறோம்?" என்றார். புரொஜெக்டர் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "நல்ல கேள்வி, தனியாகப் பேசலாம்." பேசவே இல்லை. வருடக் கடைசியில் பதினான்கு சர்வீஸ், ஆன்-காலுக்கு (எந்நேரம் கோளாறு வந்தாலும் பார்க்க) ஆறு பேர். அந்த அக்காவும் கிளம்பிவிட்டார்.

பொங்கோல்வாசி:
இரவுப்பணி, நான் அட்வைஸ் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. அந்த எண்ணிக்கை காட்டும் வேலையை அப்போதே போட்டுவிட்டோம். போட்டது அந்தப் பெண்தான்.

போன தீபாவளிக்கு முன் தேக்காவில் பூக்கடை பக்கம் அவளைப் பார்த்தேன். வேறு இடத்தில் லீடாக இருக்கிறாளாம். நல்லாத்தான் பேசினாள். நான்தான் திங்கட்கிழமையை எடுக்கவில்லை. கிளம்பும்போது கேட்டாள்: "அண்ணா, இன்னும் எக்ஸ்போவில்தான் ரயில் மாறுறீங்களா?"