ஃப்ளூ காய்ச்சலில் ட்ரோபோனின் உயர்வு: இதயத்துக்குப் பாதிப்பா?

கேள்வி:
வணக்கம். 67 வயதான என் தந்தையை இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அங்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் டி லிட்டருக்கு 38 நானோகிராம் இருந்தது; மேல்வரம்பு 14 என்று அறிக்கை சொல்கிறது. மூன்று மணி நேரம் கழித்து 41. நெஞ்சுவலி இல்லை, இசிஜியிலும் மாற்றம் இல்லை. மாரடைப்பு அல்ல என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் இந்த உயர்வுக்கு என்ன பொருள்?

பதில் 1:
ட்ரோபோனின் இதயத் தசை சுருங்குவதற்கு உதவும் புரதம். தசைச் செல்கள் பாதிக்கப்படும்போது அது இரத்தத்தில் கலக்கிறது. பாதிப்புக்கு எது காரணம் என்பதை அந்த எண் மட்டும் காட்டாது. சுவாசத் தொற்றில் ஆக்சிஜன் குறைந்து, காய்ச்சலால் இதயம் வேகமாகத் துடிக்கும்போது தசையின் தேவைக்கும் கிடைப்பதற்கும் இடைவெளி விழுவது, உடலெங்கும் பரவும் அழற்சி, அரிதாக இதயத் தசையிலேயே ஏற்படும் அழற்சி, இதயத்தின் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைப்பது என எதுவும் காரணமாகலாம். ஆகவே, ஒற்றை எண்ணைவிட இரண்டு எண்களுக்கு இடையிலான மாற்றத்தையே நான் முதலில் பார்ப்பேன். ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அளவு 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் அதைப் புதிய பாதிப்பாகக் கருதுவது வழக்கம். இங்கே மாற்றம் 10 சதவீதம்கூட இல்லை. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இப்படி அசையாமல் நிற்கும் உயர்வைக் காணலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு?

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் அலட்சியம் வேண்டாம். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு விகிதம் ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்ததாகக் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) எடுக்கவில்லையென்றால் கேட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கிரியேட்டினின் 1.8, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. எக்கோ எடுக்கவில்லை.

பதில் 1:
அப்படியானால் உயர்வில் பெரும்பங்கு சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சார்ந்ததாக இருக்கக்கூடும். முடிவு செய்ய வேண்டியவர் அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான். உடல் தேறிச் சில வாரங்கள் ஆனபின் ட்ரோபோனினை மறுபடி பார்க்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். அப்போதும் 38ஐ ஒட்டியே இருந்தால், அதுவே அவருடைய வழக்கமான அளவு என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்; அடுத்த முறை அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அந்தக் குறிப்பு மிகவும் உதவும். தெளிவாக இறங்கியிருந்தால், காய்ச்சலுக்கும் அதில் பங்கு இருந்தது என்று பொருள். இன்னொன்று: சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும் என்பதால், திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, மயக்கம் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.